நாற்பத்தொரு ஜோடி ஷூ

அறுபத்துநான்கு என்ற எண்ணை பெர்னடீன் ஹுடாக் முதலில் பார்த்தது செய்தித்தாளில். ஹெல்மிக் கல்லூரி தன் பெண்கள் நீச்சல் அணியைக் கலைக்கப்போகிறது, அணியின் பத்தொன்பது மாணவிகளும் வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்று மூன்று பத்திச் செய்தி. கடைசிப் பத்தியில் விளையாட்டுத் துறை இயக்குநர் டட்லி ஆம்ஸ்லர் பேசியிருந்தார். எங்கள் கல்லூரியில் பெண்களுக்கு ஒரு குறையும் இல்லை, துடுப்புப் படகு அணியில் மட்டுமே அறுபத்துநான்கு பெண்கள் இருக்கிறார்கள் என்று. பெர்னி அதை இரண்டு தடவை படித்தாள். காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அறுபத்துநாலு பேர் எங்க இருக்காங்க?" என்று தாளைப் பார்த்தே கேட்டாள்.

கேட்க அவளுக்கு உரிமை இருந்தது. ஹெல்மிக் கல்லூரியில் ஓடுகிற, குதிக்கிற, உதைக்கிற, நீந்துகிற எல்லோருடைய வியர்வைத் துணியும் பதினொரு வருடமாக அவள் கையால்தான் வெளுக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஆறு சலவை இயந்திரம், ஆறு உலர்த்தி, நடுவில் துணி மடிக்கும் நீள மேஜை. விளையாடுகிற ஒவ்வொருவருக்கும் எண் போட்ட ஒரு நாடா வளையம் உண்டு. பயிற்சி முடிந்ததும் பனியன், காலுறை, கால்சட்டை எல்லாவற்றையும் அதில் கோத்து மாட்டித் தொட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வளையத்தோடேயே துவைந்து, வளையத்தோடேயே காய்ந்து வரும். பெர்னி எண் பார்த்து அந்தந்தப் பெட்டியில் தொங்கவிடுவாள். பெண்கள் படகு அணிக்கு ஊதா வளையம். அந்த வருடம் தொட்டியில் விழுந்த ஊதா வளையங்கள் இருபத்துமூன்று. மழையோ வெயிலோ, இருபத்துமூன்றுதான்.

துணியை வைத்து ஆளைச் சொல்லிவிடுவாள் பெர்னி. சட்டைக் கையில் கண்மை ஈஷியிருந்தால் அந்தப் பெண் அழுதிருக்கிறாள். காலுறை சுத்தமாக வந்தால் பயிற்சிக்கு மட்டம் போட்டுவிட்டு வளையத்தை மட்டும் அனுப்பியிருக்கிறான். இது ஒன்றும் மந்திரம் இல்லை. பத்தொன்பது வயதில் ஊர் மருத்துவமனையின் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போனவள், இருபத்தாறு வருடம் ரத்தமும் சீழும் துவைத்தவள். மருத்துவமனையை இழுத்து மூடினார்கள். இரண்டு வருடம் வேலை தேடி அலைந்து, கடைசியில் ஆற்றுக்கு அக்கரையில் கல்லூரி அவளை எடுத்துக்கொண்டது. கல்லூரிக்குள் படிக்கப் போகாத எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்கும் அது வேலை கொடுக்கிற இடம், அவ்வளவுதான். பெர்னிக்கு மட்டும் அந்தப் பிள்ளைகள் மேல் ஓர் ஒட்டுதல் வந்துவிட்டது.

ஒட்டுதல் அவளை ஒரு காரியம் செய்ய வைத்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை ஹெல்மிக்கில் ஷூ நாள். சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே மேஜை போட்டு, பெண்கள் படகு அணிக்கு ஆள் சேர்ப்பார்கள். அனுபவம் தேவையில்லை, நீச்சல் தெரிந்தால் போதும் என்று பெரிய எழுத்தில் பலகை. பெயரும் கால் அளவும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அங்கேயே புது ஷூ ஒரு ஜோடி, மழைக்கு ஒரு மேலங்கி. திங்கட்கிழமை விடிகாலை ஆற்றுக்கு வரவேண்டும். வராதவர்கள் ஷூவைத் திருப்பித் தரவேண்டும் என்று விதி. ஷூவைக் கொடுப்பதும் படிவத்தின் கீழே கையெழுத்துப் போடுவதும் பெர்னியின் வேலை.

முதல் வருடம், அவள் கண்ணெதிரில் ஒரு பெண் வந்து நின்றாள். கிழிந்த ஷூவுக்குள் தண்ணீர் போகாமலிருக்க ரொட்டிப் பையைக் காலில் சுற்றியிருந்தாள். தாதியர் படிப்பு. விடிகாலையில் வேலைக்குப் போகிறவள், படகுக்கு வர வழியே இல்லை. "வந்தா வா, வராட்டிப் போ. இங்க ஒரு கையெழுத்து போடு" என்று சொல்லி பெர்னி ஷூவைக் கொடுத்துவிட்டாள். திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த வருடம் அந்தப் பெண் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அப்புறம் வாய்வழியாகப் பரவிவிட்டது. யாரும் கேள்வி கேட்கவில்லை, புதுப் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. கல்லூரியின் கண்ணில் மண்ணைத் தூவுகிறோம் என்று பெர்னிக்கு உள்ளூர ஒரு திருட்டுச் சந்தோஷம். வீட்டில் கணவன் ரேயிடம் மட்டும் சொல்லிச் சிரிப்பாள்.

செய்தி வந்த மறுநாள் நீச்சல் அணித் தலைவி டெலியா ப்ரொஸ்கோ ஈரத் தலையோடு சலவை அறைக்கு வந்தாள். உலர்த்தியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். குளிருக்கு இதமான இடம் என்பதால் எல்லாப் பெண்களும் அங்கேதான் உட்காருவார்கள்.

"பெர்னி, அறுபத்துநாலுன்னு படிச்சீங்களா?"

"படிச்சேன். கண்ணாடி அழுக்கா இருக்கோன்னு தொடச்சுட்டு மறுபடியும் படிச்சேன்."

"படகு டீமுக்கு மொத்தமே ஒரே பஸ். அதுலயும் பின் சீட்டு காலி. அவங்க கோச் வந்தே நாலு மாசம்தான் ஆகுது, கேட்டா 'பட்டியல் ஆபீஸ்ல இருக்கு'ன்றார். நீங்கதானே துவைக்கறீங்க, நெசமா எத்தனை பேர் இருப்பாங்க?"

"இருபத்துமூணு" என்றாள் பெர்னி, துண்டை மடித்தபடியே.

டெலியா உலர்த்தியிலிருந்து இறங்கினாள். "இதைக் கோர்ட்ல சொல்வீங்களா?"

அந்த அறுபத்துநான்கு பெயரும் ஷூ நாள் படிவத்திலிருந்து எடுத்தவை என்று அப்போதுதான் பெர்னிக்கு உறைத்தது. வழக்கு என்னவென்று கல்லூரி முழுக்கப் பேச்சாக இருந்தது. படிக்கிறவர்களில் பெண்கள் எத்தனை பங்கோ, விளையாடுகிறவர்களிலும் ஏறத்தாழ அத்தனை பங்கு இருக்கவேண்டும் என்பது சட்டம். படகில் அறுபத்துநான்கு பேர் என்றால் தராசு சமம், நீச்சலை வெட்டலாம். இருபத்துமூன்று என்றால் வெட்ட முடியாது. நடுவில் தொங்குகிற நாற்பத்தொரு பேர் யார் என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவர்களைப் படகில் ஏற்றியது அவளுடைய பேனாதான்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். டெலியா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே எதுவும் கேட்காமல் போனாள். யோசிக்க அவகாசம் கிடைக்கவில்லை. எட்டாம் நாள் தொப்பி போட்ட ஓர் ஆள் வந்து, "பெர்னடீன் ஹுடாக் நீங்கதானா?" என்று கேட்டு ஓர் உறையைக் கையில் திணித்துவிட்டுப் போனான். மார்ச் பதினெட்டாம் தேதி, கூட்டாட்சி நீதிமன்றம், மாணவிகள் தரப்புச் சாட்சி.

அடுத்த நாளே டட்லி வந்தார். நல்ல மனிதர் என்றுதான் ஊரில் பெயர். வெள்ளிக்கிழமைதோறும் துறை ஊழியர்களுக்கு டோனட் வாங்கி வருவார், எல்லோருடைய வீட்டு வியாதியும் ஞாபகம் வைத்திருப்பார். அன்றைக்கும் டோனட் பெட்டியோடுதான் வந்தார். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார். அந்தச் சூட்டில் சலவை அறைக் கதவை யாரும் சாத்துவதில்லை.

"என்ன பெர்னி, பெரிய ஆளாயிட்டீங்க. சம்மன்லாம் வருது."

"நான் கூப்பிடல. அதுவா வந்துச்சு."

"துணி துவைக்கறதைப் பத்திக் கேப்பாங்க. துவைச்சேன்னு சொல்லுங்க. ஆள் எண்ணறது என் வேலை இல்லன்னு சொல்லுங்க. அது உண்மைதானே?"

"எண்ணித்தான் துவைக்கிறேன், டட்லி. இல்லாட்டி ஒருத்தன் ஜட்டி இன்னொருத்தனுக்குப் போயிடும்."

டட்லி சிரித்தார். சிரிப்பு அடங்கும்வரை அவரே காத்திருந்தார். "ஷூ படிவத்துல கீழ உங்க கையெழுத்து இருக்கு. ஒவ்வொரு வருஷமும். அதுக்கு மேல ஒரு வரி அச்சடிச்சிருக்கு, படிச்சிருக்கீங்களா?"

பெர்னி படித்ததில்லை.

"'அணி உறுப்பினர்களுக்கு மட்டும் வழங்கப்பட்டது.' அணியில இல்லாதவங்களுக்குக் குடுத்தேன்னு நீங்களே கோர்ட்ல சொன்னா, அதுக்குப் பேரு வேற. அந்தப் பேரை உங்க விஷயத்துல சொல்ல எனக்கு மனசு வராது." மேஜையிலிருந்த ஒரு காலுறையை எடுத்துச் சுருட்டி வைத்தார். "ரே எப்படி இருக்கார்? அந்தப் புது மருந்து ஒத்துக்குதா?"

"ஒத்துக்குது."

"ரொம்ப நல்லது. இன்ஷூரன்ஸ்ல அது கிடைக்கறதே பெரிய விஷயம்."

அவர் போனதும் பெர்னி கதவைத் திறந்து வைத்தாள். டோனட் பெட்டியை அப்படியே தூக்கிக் குப்பையில் போட்டாள். வாழ்க்கையில் அவள் சாப்பிடுகிற பொருளைக் குப்பையில் போட்டது அதுதான் முதல் தடவை.

ரே கரி உலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். இப்போது மூக்கில் குழாயோடு வரவேற்பறை நாற்காலியில் இருக்கிறான். நுரையீரல் பாறையாக இறுகிக்கொண்டு வருகிறது. அதை மெதுவாக்குகிற மருந்து பெர்னியின் வேலையோடு வருகிற காப்பீட்டில்தான் கிடைக்கிறது. வேலை போனால் மருந்தும் போகும். அரசின் முதியோர் காப்பீடு வர அவனுக்கு இன்னும் நாலு வருடம் இருந்தது.

சாயங்காலம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"சொன்னா திருடி, சொல்லாட்டி பொய்க்காரி" என்றாள்.

"திருடின்னா பரவால்ல. உன் அக்கா இனிமே வீட்டுக்கு வரமாட்டா, நிம்மதி" என்றான் ரே.

அவள் சிரிக்கவில்லை. "மருந்து போயிடும், ரே."

அவன் குழாயைச் சரி செய்துகொண்டான். மூச்சு வாங்கிப் பேசவேண்டியிருந்ததால் அவனுக்கு எப்போதும் வார்த்தைகள் துண்டு துண்டாகத்தான் வரும். "எனக்காக வாயை மூடிக்கிட்டேன்னு பின்னால சொல்லிக் காட்டாத. அதைக் கேட்டுக்கிட்டு நாலு வருஷம் உயிரோட இருக்கறது கஷ்டம்." மறுபடி மூச்சை இழுத்துக்கொண்டு, "ஆனா எனக்கு பயமா இருக்கு. அதையும் சொல்லிடறேன்" என்றான்.

பெர்னிக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்த வாரம் முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். டட்லி சொன்னதையே சொல்லிவிடுவது. துவைத்தேன், எண்ணுவது என் வேலை இல்லை. அதில் பொய் என்று ஒரு வார்த்தைகூட இல்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். டெலியா வந்தால் முகம் கொடுத்துப் பேச முடியாமல் இயந்திரத்துக்குப் பின்னால் போய்ச் சோப்புத்தூளைத் தேடினாள். அப்படி ஒளிந்துகொள்கிற தன்னை அவளுக்கே பிடிக்கவில்லை.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஊர்ச் சர்ச்சின் கீழ்த்தளத்தில் பெண்கள் கூடிப் பியரோகி மடிப்பார்கள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து மாவை மடித்து ஓரத்தைக் கிள்ளி மூடவேண்டும். மதியத்துக்குள் எழுநூறு, எண்ணூறு போகும். விசாரணைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பெர்னி லீவு போட்டுவிட்டு அங்கே மடித்துக்கொண்டிருந்தபோது மாணவிகளின் வக்கீல் தேடிக்கொண்டு வந்தாள். ஹனா ஃபெல்ட்ஸ் என்று பெயர், முப்பது வயது இருக்கும். கறுப்புக் கோட்டும் கைப்பையுமாக நின்றாள்.

"இங்க சும்மா நிக்கக் கூடாது கண்ணு" என்று பெர்னியின் சிநேகிதி ஐரீன் அவள் கழுத்தில் ஓர் ஏப்ரனை மாட்டிவிட்டாள். "கிள்ளு. கிள்ளிக்கிட்டே பேசு."

ஹனா கிள்ளினாள். ஓரம் பிரிந்து உருளைக்கிழங்கு பிதுங்கியது. ஐரீன் அதைப் பார்த்துவிட்டு, "வக்கீலுக்குப் படிச்சது நல்லதாப் போச்சு" என்றாள்.

"நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு நான் கேக்க வரல, மிஸஸ் ஹுடாக்" என்றாள் ஹனா. "ஒண்ணு காட்டணும். கல்லூரி எங்களுக்குக் குடுத்த காகிதங்கள்ல இருந்தது. கோர்ட்ல எப்படியும் இதைப் படிப்பாங்க. அங்க நீங்க முதல் தடவையா இதைக் கேக்கறது எனக்குச் சரியாப் படல."

மாவுக் கையோடு பெர்னி படித்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் டட்லி தன் உதவியாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல். மூன்றே வரி. 'படகு மேஜையில் பெர்னியையே உட்காரவையுங்கள். அவளை விட்டால் ஊருக்கே ஷூ கொடுப்பாள், கொடுக்கட்டும். ஷூ மலிவு, நமக்குப் பெயர்கள் வேண்டும்.'

பெர்னிக்குக் காது இரண்டும் கொதித்தன. திருப்பிக் கேட்காத ஷூ, குறையாமல் வந்த பெட்டிகள், வருடா வருடம் மேஜைக்கு அவளையே கூப்பிட்டது, எல்லாம் இப்போது வேறு மாதிரி தெரிந்தது. இத்தனை வருடமும் அவள் அவர்களை ஏமாற்றவில்லை. அவர்கள்தான் அவளுடைய இரக்கத்தை உழவு மாடு மாதிரி பூட்டி ஓட்டியிருக்கிறார்கள். ரொட்டிப் பை சுற்றிய அந்தக் கால்களை வைத்து, நீந்துகிற பிள்ளைகளை வெளியே தள்ளப்போகிறார்கள். அவமானம்தான் முதலில் வந்தது. கோபம் அதற்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது, எழுந்து போகவில்லை.

"ஏண்டி, மாவை ஏன் கொல்ற?" என்றாள் ஐரீன். பெர்னியின் விரலுக்கடியில் பியரோகி அப்பளமாகியிருந்தது.

"அவங்க வக்கீல் உங்களைத் திருடின்னு சொல்லுவார்" என்றாள் ஹனா. "நான் தடுக்கப் பாப்பேன், ஆனா முழுக்கத் தடுக்க முடியாது. வேலைக்கும் நான் உத்தரவாதம் தர முடியாது. தெரிஞ்சே வாங்க."

"அந்தக் காகிதத்தை மடிச்சு வை, எண்ணெய் படுது" என்றாள் பெர்னி.

பதினெட்டாம் தேதி மழை பெய்தது. ரேயை அக்காவிடம் விட்டுவிட்டு, சாவு வீட்டுக்குப் போடுகிற நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு பெர்னி நகரத்துக்கு பஸ் ஏறினாள். நீதிமன்றத்தின் மூன்றாம் மாடி. குளோரின் தண்ணீரில் நிறம் வெளிறிய தலைகளோடு பத்தொன்பது பெண்களும் இரண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரி வக்கீலின் பின்னால் டட்லி. அவளைப் பார்த்து, வழக்கமாகத் தலையசைப்பது போலவே தலையசைத்தார். பெர்னிக்குப் பதில் தலையசைப்பு தானாக வந்துவிட்டது. அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

சாட்சி நாற்காலியில் உட்கார்ந்து சத்தியம் செய்தாள். நீதிபதி கால்வர்ட் அறுபது தாண்டிய பெண்மணி, மூக்குக் கண்ணாடியை நுனி மூக்கில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். ஹனா கேட்ட கேள்விகள் சின்னவை. என்ன வேலை, எத்தனை வருடம், வளையம் என்றால் என்ன, ஊதா வளையம் எத்தனை.

துவைத்தேன், எண்ணவில்லை. அந்த வார்த்தைகள் நாக்கிலேயே இருந்தன. சொல்லிவிட்டு இறங்கினால் மருந்து இருக்கும், வேலை இருக்கும். பெர்னி தண்ணீர் குடித்தாள்.

"இருபத்துமூணு" என்றாள். "ஒருத்தர் கூட அதிகமில்ல. துடுப்பு போட்டா வேர்க்கும். வேர்த்தா என்கிட்டதான் வரணும்."

பின்வரிசையில் யாரோ மூச்சை விட்டது கேட்டது. ஹனா உட்கார்ந்துவிட்டாள். கல்லூரி வக்கீல் ப்ராட்வெல் எழுந்தார். உயரமான, சத்தம் போடாத மனிதர். ஷூ படிவத்தை அவள் முன்னால் வைத்தார்.

"இந்தக் கையெழுத்து உங்களோடதா, மிஸஸ் ஹுடாக்?"

"ஆமா."

"இதுல அறுபத்துநாலு பேர். எல்லாருக்கும் ஷூ குடுத்தீங்க."

"குடுத்தேன்."

"இப்ப அதுல நாப்பத்தொரு பேர் அணியிலேயே இல்லன்னு சொல்றீங்க."

"சில பேர் ஒரு வாரம் வந்தாங்க. பாதிப் பேர் ஆத்துப் பக்கமே போனதில்ல."

"அது தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

பெர்னி டட்லியைப் பார்த்தாள். அவர் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேயின் மருந்துப் புட்டியின் வெள்ளை மூடி அவள் கண்ணுக்குள் வந்து நின்றது.

"தெரிஞ்சேதான்."

"கல்லூரியோட பொருளை. அணியில இல்லாதவங்களுக்கு. பதினோரு வருஷமா."

"ஆமா."

"இதுக்கு என்ன பேர், மிஸஸ் ஹுடாக்?"

ஹனா எழுந்து ஆட்சேபம் சொன்னாள். நீதிபதி கையைக் காட்டுவதற்குள் பெர்னி பேசிவிட்டாள்.

"ஷூ இல்லாத பிள்ளைக்கு ஷூ குடுத்தேன். அதுக்கு நீங்க என்ன பேர் வேணும்னாலும் வெச்சுக்குங்க. திருட்டுன்னா திருட்டு. என் வேலை போனாலும் போகட்டும். ஆனா அந்தப் பிள்ளைங்க பேரை வெச்சு இந்தப் பிள்ளைங்களைத் தண்ணியில இருந்து வெளிய இழுக்காதீங்க. அதுக்கு நான் கையெழுத்து போடல."

குரல் உடைந்துவிட்டது. கைக்குட்டையைத் தேடினாள், இல்லை. கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ப்ராட்வெல் நீதிபதியின் பக்கம் திரும்பினார். "யுவர் ஆனர், சாட்சி தானே ஒத்துக்கறாங்க. முதலாளியோட சொத்தைக் களவாடினவங்க. இவங்க சொல்ற எண்ணை எப்படி நம்பறது?"

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "களவுன்னு சொல்றீங்க."

"ஆமா, யுவர் ஆனர்."

"அணியில இருக்கறவங்களுக்கு ஷூ குடுத்தா அது களவு இல்லையே. அது இவங்க வேலைதானே?"

"இல்ல யுவர் ஆனர், இவங்க குடுத்தது அணியில இல்லாத..." என்று ஆரம்பித்த ப்ராட்வெல் அங்கேயே நின்றுபோனார்.

டட்லி நகத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவசரப்படவில்லை.

"அந்த நாப்பத்தொரு பேரும் அணியில இருக்காங்கன்னா இந்தம்மா திருடல. இல்லன்னா இவங்க திருடினாங்களோ இல்லையோ, கல்லூரி எனக்குக் குடுத்த எண் பொய். ரெண்டுல எதை நான் எழுதிக்கட்டும், மிஸ்டர் ப்ராட்வெல்?"

ப்ராட்வெல் பத்து நிமிடம் அவகாசம் கேட்டார். நீச்சல் பெண்களில் ஒருத்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டெலியா குனிந்து அழுதுகொண்டிருந்தாள். பெர்னிக்கு மட்டும் என்ன நடந்தது என்று உடனே பிடிபடவில்லை. தன்னைப் பிடித்துக்கொண்டு போக ஆள் வரும் என்று நினைத்துக் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பக்கத்திலிருந்த குமாஸ்தாவிடம், "நான் எறங்கலாமாப்பா?" என்று மெல்லக் கேட்டாள்.

ஒன்பது நாள் கழித்து உத்தரவு வந்தது. வழக்கு முடியும்வரை நீச்சல் அணியைத் தொடக்கூடாது. இனி கல்லூரி உண்மையில் விளையாடுகிறவர்களை மட்டுமே கணக்கில் காட்டவேண்டும், வருடா வருடம் பட்டியலை நீதிமன்றத்துக்கு அனுப்பவேண்டும். டெலியா உத்தரவின் நகலைக் கொண்டுவந்து சலவை அறைச் சுவரில் ஒட்டினாள். பெர்னியைக் கட்டிக்கொண்டு அவள் தோளை நனைத்தாள். பெர்னிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சொல்லப்போனால் அத்தனை சந்தோஷம் அவளுக்கு வந்து பல வருடம் ஆகியிருந்தது.

வேலை போகவில்லை. சாட்சி சொன்னவளை வெளியே அனுப்பினால் அடுத்த வழக்கு அதுவாகத்தான் இருக்கும் என்று ஹனா கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். ரேக்கு மருந்து வந்துகொண்டிருக்கிறது. டட்லி அந்தப் பக்கம் வருவதில்லை, வெள்ளிக்கிழமை டோனட் மேலே துறை அலுவலகத்தோடு நின்றுவிடுகிறது. "உடம்புக்கு நல்லது" என்றான் ரே. ஆனாலும் பழுப்பு நிற அலுவலக உறை எது வந்தாலும் பெர்னிக்கு இன்னமும் நெஞ்சு ஒரு தடவை நின்றுதான் அடிக்கிறது.

செப்டம்பர் வந்தது. சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே மேஜை போட்டார்கள். மேஜைக்கு பெர்னியையே உட்கார வைத்தார்கள். படிவம் புதிது. கோச் பக்கத்திலேயே இருந்தார். முப்பது நாள் பயிற்சி முடித்து அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஷூ. கால் அளவு பார்க்க இருபத்தைந்து பெட்டிகள் மட்டும் வந்திருந்தன.

பத்தரை மணிக்கு ஒரு பெண் வந்து நின்றாள். பதினெட்டு வயது இருக்கும். சாப்பாட்டுக் கூடத்தின் பச்சை மேலுடுப்போடு வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். இடது ஷூவின் அடிப்பாகத்தைச் சாம்பல் நிற டேப்பால் சுற்றியிருந்தாள்.

"இங்க கையெழுத்து போட்டா ஷூ குடுப்பாங்கன்னு எங்க ஹாஸ்டல்ல ஒரு அக்கா சொன்னாங்க" என்றாள் தயங்கித் தயங்கி.

"துடுப்பு போடுவியா?" என்று பெர்னி கேட்டாள்.

"காலையில எனக்கு இங்க வேலை இருக்கு. நாலரைக்கே வரணும்." பொய் சொல்லத் தெரியாத முகம். "என் அளவு எட்டு."

எட்டாம் அளவில் மூன்று பெட்டிகள் பெர்னியின் காலடியில் இருந்தன. கோச் வேறு ஒருத்தியோடு பேசிக்கொண்டிருந்தார், இந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஒரு பெயர். ஒரே ஒரு பெயரை எழுதி, ஒரு பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டால் போதும். பெர்னி பேனாவை எடுத்தாள். அப்போது நீச்சல் பெண்கள் பயிற்சி முடிந்து ஈரத் தலையோடு கும்பலாக வந்தார்கள். டெலியா தூரத்திலிருந்தே கையை ஆட்டி, "பெர்னி, இன்னிக்குத் துண்டு நெறைய இருக்கு, திட்டாதீங்க" என்று கத்திவிட்டுப் போனாள். பெர்னி பேனாவைக் கீழே வைத்தாள்.

"இல்லம்மா" என்றாள். "இனிமே அப்படிக் குடுக்க முடியாது."

"பரவால்ல" என்றாள் அந்தப் பெண். சும்மா போனால் மரியாதையில்லை என்று நினைத்தாளோ என்னவோ, படகு அணித் துண்டுப்பிரசுரம் ஒன்றை எடுத்துக்கொண்டு நன்றி சொன்னாள். வாசலைத் தாண்டும்வரை டேப் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பெர்னி கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிட்டு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வரிசையில் அடுத்தவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். பெர்னி அவள் காலைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்து, "துடுப்பு போடுவியா?" என்று கேட்டாள்.